2523 சிசி: ஒரு பழைய பிக்அப்பின் பூர்வீகம்

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சுருக்கித் திருத்தப்பட்டது.)

இன்னைக்கு ஒரு நம்பர்ல இருந்து ஆரம்பிக்கலாம். 2523.

செங்கல்பட்டுப் பக்கம் டிஎன் 19 மஞ்சள் போர்டு போட்டு ஓடுற ஒரு பழைய பொலேரோ பிக்அப்போட ஆர்சி புக்கை வாங்கிப் பாருங்க. என்ஜின் எத்தனை சிசின்னு போட்டிருக்கிற இடத்துல 2523ன்னு இருக்கும். அப்படியே ஷோரூமுக்குப் போய் புது டீசல் பொலேரோ பிக்அப்போட பிரோஷரையும் பாருங்க. அங்கேயும் 2523. நடுவுல மாசு விதிகள் மாறிடுச்சு, என்ஜினுக்குள்ள கம்ப்யூட்டர் வந்துடுச்சு. இந்த நம்பர் மட்டும் அசையலை.

2500ன்னு முழுசா வைக்காம ஏன் 2523? சிலிண்டரோட விட்டம் 88.9 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்குற தூரம் 101.6 மில்லிமீட்டர். மெட்ரிக்ல படிச்ச யாரும் 88.9ன்னு வரைய உட்கார மாட்டாங்க. ரெண்டையும் 25.4ஆல வகுத்துப் பாருங்க. மூன்றரை அங்குலம், நாலு அங்குலம். அதாவது இந்த அளவை முதல்ல வரைஞ்சவர் கையில இருந்தது அங்குல ஸ்கேல். அவர் வரைஞ்சது பிக்அப்புக்கான என்ஜினும் இல்லை, டிராக்டருக்கான என்ஜின்.

நேயர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற ஒரு கேள்வி இருக்கு. "ப்ரோ, மூணு லட்சம் கிலோமீட்டர் ஓடின டீசல் பிக்அப்பை நம்பி வாங்கலாமா?" கேட்டரிங் தொடங்குறவங்க, பந்தல் வேலை பார்க்கிறவங்க, அப்பாவோட மீன் வியாபாரத்தைக் கையில எடுத்தவங்கன்னு பலரும் கேட்டிருக்காங்க. ஆமா, இல்லைன்னு ஒரே வார்த்தையில இதுக்குப் பதில் கிடையாது. அந்த வண்டி எந்தக் காலத்து முடிவுகள்ல பிறந்ததுன்னு தெரிஞ்சா, எதைப் பார்த்து வாங்கணும்னு தெரியும். அதனால இது பாதி வரலாறு, பாதி செக்லிஸ்ட்.

லோடு தண்ணியில போன காலம்

முதல்ல நம்ம ஊர். மாமல்லபுரம் பீச் ரிசார்ட் இருக்கிற ஊர்னு நினைக்கிறவங்களுக்கு ஒரு தகவல். பத்தொன்பதாம் நூற்றாண்டுல சென்னையில இருந்து அங்கே போக நல்ல வழி படகுதான். கடலுக்குக் கொஞ்சம் மேற்கே கரைக்கு இணையா ஓடுற பக்கிங்ஹாம் கால்வாய்தான் அன்னைக்கு ஈசிஆர். 1806ல சென்னைக்கு வடக்கே எண்ணூர் பக்கம் தோண்ட ஆரம்பிச்ச கால்வாய் அது. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா நீண்டு, 1876 முதல் 1878 வரையிலான பெரும் பஞ்சத்துல நிவாரண வேலையா மேலும் வெட்டப்பட்டது. தெற்கே மரக்காணம் வரைக்கும் போச்சு. அப்போ கவர்னரா இருந்த பக்கிங்ஹாம் பிரபுவோட பேர் அதுக்கு வந்தது. உப்பு, நெல், விறகு எல்லாம் அதுல போகும். கரையில இருந்து உள்ளூருக்கு மாட்டு வண்டி.

புயல்களும் மண் மேடும் கால்வாயைக் கொன்னுச்சு. ரயிலும் லாரியும் மீதி வேலையை எடுத்துக்கிச்சு. 2002ல ஈசிஆர் சுங்கச்சாலையா மாறின பிறகு கரையோரப் போக்குவரத்தோட முகமே மாறிடுச்சு. ஆனா லோடோட அளவு மாறலை. கோவளம், கொக்கிலமேடு, சதுரங்கப்பட்டினம் மாதிரி கடற்கரை ஊர்ல இருந்து கிளம்புற மீன் ஒரு லாரி நிறைய வராது, சில பெட்டிதான். மாமல்லபுரத்துச் சிற்பக் கூடத்துல இருந்து போறது ரெண்டு சிலை. திருக்கழுக்குன்றத்துக் கல்யாண மண்டபத்துக்குப் போறது நாற்காலியும் பாத்திரமும். லாரிக்குச் சின்னது, பைக்குக்குப் பெரிசு. இந்த இடைவெளியிலதான் பிக்அப் வாழுது.

டிராக்டர் பெத்த பிள்ளை

இப்போ அந்த அங்குல என்ஜினுக்கு வருவோம். மகிந்திரா நிறுவனம் 1940களோட கடைசியில வில்லிஸ் ஜீப்பை உதிரிபாகமா இறக்கி இங்கே பூட்டிக் கொடுத்து வாகனத் தொழிலுக்கு வந்தது. அது பெட்ரோல் ஜீப். 1963ல அமெரிக்காவோட இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டரோடவும் வோல்டாஸோடவும் சேர்ந்து டிராக்டர் கம்பெனி தொடங்கினாங்க. ஹார்வெஸ்டரோட பிரிட்டன் கிளை அங்கே டிராக்டருக்குன்னு நாலு சிலிண்டர் டீசல் என்ஜின்களைச் செஞ்சிட்டு இருந்தது. அதுல ஒண்ணோட அளவு மூன்றரைக்கு நாலு அங்குலம், மொத்தம் 154 கன அங்குலம். சிசியில போட்டா 2523. 1977ல அந்த டிராக்டர் கம்பெனி மகிந்திராவோடயே இணைஞ்சது.

இதுக்கு நடுவுல 1973 எண்ணெய் நெருக்கடி. கச்சா எண்ணெய் விலை சில மாசத்துலயே பல மடங்கு ஏறினதுல பெட்ரோல் ஜீப் ஓட்டுறது கட்டுப்படியாகலை. டீசல் மலிவு, அரசே விலையை அடக்கி வச்சிருந்தது. கையிலேயே டிராக்டர் டீசல் என்ஜின் இருக்கும்போது ஜீப்புக்குள்ள அதை ஏத்துறதுதான் சுருக்கு வழி. 1980களோட தொடக்கத்துல பிரான்ஸோட பெஷோ நிறுவனத்துகிட்ட இருந்து 2112 சிசி என்ஜின் ஒண்ணும் வந்தது. அது அமைதியானது, கொஞ்சம் நாசூக்கு. ஆனா லோடு வண்டிகள்ல கடைசி வரைக்கும் நின்னது டிராக்டர் வம்சம்தான்.

காரணம் எளிமையானது. டிராக்டர் என்ஜினை வேகத்துக்காக யாரும் வரையறதில்லை. மெதுவா சுத்தி, பலமா இழுக்கணும், வயல்ல தூசியிலயும் சூட்டுலயும் மணிக்கணக்கா நிக்கணும். இரும்பு பிளாக், போரை விட நீளமான ஸ்ட்ரோக். இன்னைக்கு வர்ற 2523 கூட 3,200 ஆர்பிஎம்லயே தன்னோட உச்ச சக்தியைக் கொடுத்துடும். பெட்ரோல் கார் என்ஜின் 6,000 வரைக்கும் போகும்.

இதுக்கு ஒரு சின்னக் கணக்கு. 60 கிலோமீட்டர் வேகத்துல போனா ஒரு நிமிஷத்துக்கு ஒரு கிலோமீட்டர். அப்போ என்ஜின் 2,000 ஆர்பிஎம்ல சுத்துதுன்னா, ஒரு கிலோமீட்டருக்கு 2,000 சுத்து. மூணு லட்சம் கிலோமீட்டருக்கு 60 கோடி சுத்து. அதே வேகத்துக்கு 3,000 ஆர்பிஎம் தேவைப்படுற என்ஜின்னா 90 கோடி. மீட்டர்ல ரெண்டும் மூணு லட்சம்தான், உள்ளே தேய்மானம் வேற.

குட்டி யானை வந்த வருஷம்

2005 மே மாசம் டாடா ஏஸ் வந்தது. 702 சிசி, ரெண்டு சிலிண்டர் டீசல், 16 குதிரைத் திறன், முக்கால் டன் லோடு, விலை ரெண்டே கால் லட்சம் ரூபாய் அளவுல. அதுவரைக்கும் அந்த விலைக்கு மூணு சக்கர லோடு ஆட்டோதான் கிடைக்கும். கிரிஷ் வாக் தலைமையிலான குழு, வடிவமைக்கறதுக்கு முன்னாடி லோடு ஆட்டோ ஓட்டுறவங்ககிட்டப் போய்ப் பேசினாங்க. அவங்க கேட்டதுல மைலேஜ், லோடு தவிர இன்னொண்ணும் இருந்தது: மரியாதை. நாலு சக்கர வண்டிக்காரர்னு சொன்னா ஊர்ல மதிப்பு வேற.

தமிழ்நாட்டுல அது குட்டி யானை ஆச்சு. ரெண்டு வருஷத்துக்குள்ள ஒரு லட்சம் வண்டி வித்தது. முதல் தடவையா சம்பளத்துக்கு ஓட்டின டிரைவர் தன் பேர்ல ஆர்சி வச்சிருக்கிற ஓனர் ஆனார். அவர் அஞ்சாறு வருஷத்துல தவணை முடிச்சு, வித்துட்டு பெரிய பிக்அப்புக்குப் போனார். வித்த வண்டியை ரெண்டாவது ஓனர் வாங்கினார், அவர்கிட்ட இருந்து மூணாவது ஓனர். புது வண்டிக்கு ஃபைனான்ஸ் கிடைக்காத ஆள், முன்பணம் இல்லாத ஆள் தொழிலுக்குள்ள வர்ற வாசல் இந்த மூணாவது கைதான். வாகன வரலாறுன்னு எழுதுறவங்க புது மாடல் வந்த தேதியோட நிறுத்திடுவாங்க. ஆனா பிழைப்பு நடக்கிறது பெரும்பாலும் அந்தத் தேதிக்குப் பத்து வருஷம் கழிச்சு.

அந்த மூணாவது கை சாத்தியமானதுக்கு ஒரு கட்டமைப்பு காரணம். மறைமலை நகர்ல 2022 வரைக்கும் புது வண்டி செஞ்ச பெரிய ஆலை, ஒரகடத்துல இன்னைக்கும் செய்யற பெரிய ஆலைகள். அதே ஜிஎஸ்டி ரோட்டோரம் பம்ப்-நாசில் கடை, ரேடியேட்டர் கடை, லேத் பட்டறை, பட்டை அடிக்கிறவர், டிங்கர். பார்ட்ஸ் கிடைக்கலைன்னா சென்னை புதுப்பேட்டை. மெக்கானிக்கல் பம்ப் வச்ச என்ஜினை இவங்க முழுசா இறக்கி, போர் பண்ணி, நாசில் செட் பண்ணி, சாயங்காலம் சத்தத்தை வச்சே சரியா இருக்கான்னு சொல்லிடுவாங்க. எங்க தொழில் பாஷையில சொன்னா, சோர்ஸ் கோடு எல்லார் கையிலயும் இருந்தது.

பூட்டு விழுந்த இடம்

டீசலை ஆயிரம் பாருக்கும் மேலான அழுத்தத்துல ஒரு பொதுக் குழாய்ல தேக்கி, கம்ப்யூட்டர் சொல்ற நேரத்துல சிலிண்டருக்குள்ள தெளிக்கிற முறைதான் காமன்ரெயில். கார்ல இது முதல்ல விற்பனைக்கு வந்தது 1997ல, ஆல்ஃபா ரோமியோ 156ல. நம்ம லோடு வண்டிகளுக்குள்ள அதைத் தள்ளிட்டு வந்தது மாசு விதி. 2010ல சென்னை உட்பட 13 நகரங்களுக்கு பிஎஸ் 4, மற்ற ஊர்களுக்கு பிஎஸ் 3. 2011ல ஓசூர்ல இருந்து வந்த அசோக் லேலண்ட் தோஸ்த் காமன்ரெயிலோடயே வந்தது. அதே காலத்துல 2523க்கும் காமன்ரெயில் மாட்டினாங்க. 2017 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க பிஎஸ் 4. அதுக்கு மூணு நாள் முன்னாடிதான் பிஎஸ் 3 வண்டிகளை இனி விற்கவே கூடாதுன்னு உச்ச நீதிமன்றம் சொன்னது. கடைசி ரெண்டு நாள் தள்ளுபடியில நாடு முழுக்க வண்டிகள் பறந்தன. பழைய வண்டி சந்தையில 2017 மார்ச் பதிவுன்னு பார்த்தா அந்த அவசரம் ஞாபகம் வரட்டும். 2020 ஏப்ரல்ல பிஎஸ் 6.

டீசல்ல இருக்கிற கந்தகமும் குறைஞ்சது: பிஎஸ் 3ல 350 பிபிஎம், பிஎஸ் 4ல 50, பிஎஸ் 6ல 10. புகைக்குழாயில கரியைப் பிடிக்கிற வடிகட்டி வந்தது.

இதுக்கு நியாயமான காரணம் இருக்கு. உலக சுகாதார அமைப்போட புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2012ல டீசல் புகையை, புற்றுநோய் உண்டாக்கும்னு உறுதியான முதல் பட்டியல்ல சேர்த்தது. அந்தப் புகையை ரொம்பக் கிட்ட நின்னு சுவாசிக்கிறவர் யார்? அதே டிரைவர், அதே மெக்கானிக். பழசுதான் பெஸ்ட்னு நாம புகழும்போது இதை விட்டுட்டுப் பேசக் கூடாது.

ஆனா விலை ஒண்ணு கொடுத்திருக்கோம். பழைய நாசிலை ரோட்டோரக் கடையில கழட்டி டெஸ்ட் பண்ணிக் கொடுப்பாங்க. காமன்ரெயில் இன்ஜெக்டருக்கு அதுக்கான டெஸ்ட் பெஞ்ச், ஸ்கேனர், மாத்தினா கோடிங். சோர்ஸ் கோடுக்குப் பூட்டு விழுந்துடுச்சு. முதல் ஓனருக்கு வாரண்டி இருக்கு. மூணாவது ஓனருக்கு யார்?

பார்த்து வாங்குறது

இனி செக்லிஸ்ட். முதல்ல வயசு. பம்ப்-நாசில் காலமா, காமன்ரெயில் பிஎஸ் 4ஆ, பிஎஸ் 6ஆ? பதிவு தேதியும், எம்-பரிவாகன் ஆப்ல காட்டுற எமிஷன் விவரமும் இதைச் சொல்லிடும். இதை வச்சுத்தான் ரிப்பேர் பட்ஜெட்.

மீட்டரை நம்பாதீங்க, கணக்கை நம்புங்க. தினம் 100 கிலோமீட்டர், வருஷம் 300 நாள்னா 30,000. பத்து வருஷ லோடு வண்டி 90,000 காட்டினா சிரிச்சுட்டு கிளம்பிடுங்க. மூணு லட்சத்தை ஒளிக்காமக் காட்டுற வண்டிதான் நேர்மையான வண்டி. பெடல் ரப்பர், ஸ்டீயரிங் தேய்மானம், டிரைவர் சீட் பள்ளம், எஃப்சி, சர்வீஸ் பில் இதெல்லாம் ஒரே கதையைச் சொல்லணும்.

காலையில, என்ஜின் சூடாகறதுக்கு முன்னாடி போங்க. போன உடனே பானெட்டைத் தொட்டுப் பாருங்க. சூடா இருந்தா முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி வச்சிருக்காங்க. டீசல்ல தீப்பொறி கிடையாது, காற்றை அழுத்தி வர்ற சூட்டுலதான் எரியும். அழுத்தம் ஒழுகுற என்ஜின் குளிர்ந்த நிலையில தன் குட்டை உடைச்சிடும். கறுப்புப் புகைன்னா டீசல் கூட, காற்று கம்மி. நீலம்னா ஆயில் எரியுது. ஸ்டார்ட் ஆகும்போது கொஞ்சம் வெள்ளை பரவாயில்லை. சூடான பிறகும் வெள்ளை நிக்கலைன்னா எரியாத டீசல் அல்லது உள்ளே போற கூலன்ட்.

அடுத்து, என்ஜின் ஓடும்போதே ஆயில் ஊத்துற மூடியைக் கழட்டச் சொல்லுங்க. புகை குபுகுபுன்னு தள்ளினா மெக்கானிக் அண்ணன்கள் "பேக் கம்ப்ரஷன்"னு சொல்வாங்க. பிஸ்டன் ரிங்கைத் தாண்டி அழுத்தம் கீழே இறங்குதுன்னு அர்த்தம். அது என்ஜின் வேலை. விலையில அதைக் கழிக்கணும்.

நம்ம கரையோரத்துக்குன்னு ரெண்டு விஷயம் தனி. ஒண்ணு உப்பு. மீன் ஏத்தின வண்டியில ஐஸ் உருகின உப்புத் தண்ணி லோடு பாடிக்கு அடியில ஒழுகிட்டே இருக்கும். மேல பட்டி பார்த்து பெயிண்ட் அடிச்சு பளபளன்னு வச்சிருப்பாங்க. நீங்க படுத்து சேசிஸைப் பாருங்க, குறுக்குச் சட்டம், பட்டை மாட்டுற பிராக்கெட், பிரேக் பைப். ஸ்க்ரூடிரைவரால தட்டினா துரு செதில் செதிலா உதிர்ந்தா விட்டுடுங்க. என்ஜினை மாத்தலாம், சேசிஸை மாத்த முடியாது. சேசிஸ் நம்பரை ஆர்சியோட ஒப்பிடுற வேலையும் அப்படியே முடிஞ்சிடும்.

இன்னொண்ணு கல். மாமல்லபுரத்துல அரசு சிற்பப் பயிற்சிக் கூடம் 1957லயே தொடங்கினது. இன்னைக்கும் ஊர் முழுக்க உளிச் சத்தம். கருங்கல் ஒரு கன மீட்டர் சுமார் 2.7 டன். பார்க்கச் சின்னதா இருக்கிற சிலை, வண்டியோட அனுமதி எடையைத் தாண்டிடும். லோடு பாடி காலியா தெரிஞ்சா மனசு இன்னொண்ணை ஏத்தச் சொல்லும். அப்படி ஓடின வண்டியில கூடுதலா ஏத்தின பட்டை, வளைஞ்ச ஆக்ஸில் ஹவுசிங், உறுமுற கிரவுன் இதெல்லாம் இருக்கும். பின்னாடி டயர் ரெண்டும் ஒரே மாதிரி தேய்ஞ்சிருக்கான்னு பாருங்க. காலி வண்டியை மட்டும் ஓட்டிப் பார்த்துத் திருப்தி ஆகாதீங்க.

பேப்பர்: எஃப்சி எப்போ முடியுது, இன்சூரன்ஸ், ஃபைனான்ஸ் பாக்கி இருந்தா ஹெச்பி கேன்சல், நிலுவையில இருக்கிற இ-சலான், ஃபார்ம் 29, 30. எட்டு வருஷம் தாண்டின லோடு வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்சி. 15 வருஷம் தாண்டினா 2022 ஏப்ரல்ல இருந்து அந்தக் கட்டணம் பல மடங்கு. பத்து வருஷ டீசலுக்கே தடைன்னு டெல்லியில வந்த மாதிரி விதி இங்கே இல்லை. ஆனா 14 வருஷ வண்டியை மலிவா வாங்கும்போது இந்தச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்க.

வாங்கின பிறகு

வாங்கின வாரமே என்ஜின் ஆயில், கியர் ஆயில், கிரவுன் ஆயில், கூலன்ட், எல்லா ஃபில்டரும் மாத்துங்க. முன்னாடி யார் எப்போ மாத்தினாங்கன்னு விசாரிச்சுட்டு இருக்கிறதை விட இது மலிவு. டீசல் ஃபில்டர்ல தேங்குற தண்ணியை அப்பப்போ வடிக்கணும். காமன்ரெயில்ல தண்ணி போனா பம்பும் இன்ஜெக்டரும் சேர்ந்து போகும், அது பழைய நாசில் செலவு மாதிரி இருக்காது. கரையோரம் ஓடுற வண்டின்னா வாரம் ஒரு தடவை அடிப்பக்கத்தை நல்ல தண்ணியில கழுவுங்க. உப்பு ஏறின போர்த்தண்ணில கழுவினா மறுபடியும் உப்பைத்தான் பூசுறீங்க.

ஒரு நோட்டு வச்சுக்கோங்க. தேதி, கிலோமீட்டர், போட்ட டீசல், செஞ்ச வேலை. லிட்டருக்குக் கிடைக்கிற தூரம் மெல்லக் குறையறதுதான் என்ஜின் கொடுக்கிற முதல் எச்சரிக்கை. வித்த அன்னைக்கும் அந்த நோட்டுக்கு விலை உண்டு.

கடைசியா இன்னொரு கணக்கும். டீசல் எல்லாருக்கும் லாபம்கிற காலம் முடிஞ்சிடுச்சு. ஒரு கட்டத்துல பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்கு 20 ரூபாய்க்கு மேல வித்தியாசம் இருந்தது. 2014 அக்டோபர்ல டீசல் விலைக் கட்டுப்பாடு நீங்கினது. இப்போ சென்னையில வித்தியாசம் பத்து ரூபாய்க்கும் கீழே. தினம் 30 கிலோமீட்டர் ஊருக்குள்ளயே சுத்துறவருக்கு பெட்ரோல், சிஎன்ஜி குட்டி யானையே போதும். 2022ல ஏஸோட மின்சார வடிவமும் வந்தாச்சு. செங்கல்பட்டுல இருந்து கடற்கரைக்குத் தினம் முக்கால் டன்னுக்கு மேல இழுக்கிறவருக்குத்தான் பழைய டீசல் இன்னும் கணக்குல நிக்குது.

செங்கல்பட்டு மகிந்திரா வேர்ல்டு சிட்டிக்குள்ள 2012ல திறந்த மகிந்திரா ரிசர்ச் வேலி இருக்கு. அடுத்த தலைமுறை வண்டிகளை அங்கேதான் உருவாக்குறாங்க. அதே ஜிஎஸ்டி ரோட்டோரப் பட்டறைகள்ல மூன்றரை அங்குல சிலிண்டரை இன்னமும் போர் பண்ணிட்டு இருக்காங்க. நடுவுல இருக்கிற தூரம் சில கிலோமீட்டர்தான். புகை குறையணும், அதுல சந்தேகமே இல்லை. ஆனா அடுத்த தலைமுறை பேட்டரியையும் மோட்டாரையும் அந்தப் பட்டறைக்காரர் திறந்து பார்க்க முடியுமான்னு இப்போவே கேட்கணும். முடியாதுன்னா, பத்து வருஷம் கழிச்சு மூணாவது ஓனருக்கு வாங்க வண்டி இருக்காது. தொழிலுக்குள்ள வர்ற அந்த வாசலும் மூடிடும்.

உங்க வீட்டுல, தெருவுல ஒரு பழைய லோடு வண்டி இருந்தா, அதோட ஆர்சியில எத்தனை சிசின்னு பார்த்து எழுதி அனுப்புங்க. அந்த நம்பருக்கும் ஒரு பூர்வீகம் இருக்கும், இன்னொரு எபிசோடுல தேடிப் பார்க்கலாம்.